இங்கிலாந்தில் நர்சிங் டிகிரி: 60,000 பவுண்டு கடன் கட்டுப்படியாகுமா?

கேள்வி (லெஸ்டர்): ஐ.எல்.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) கிடைத்து ஆறு மாதம் ஆகிறது, இங்கே வந்து ஐந்து வருடம் முடிந்துவிட்டது. ஊரில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. இரண்டு பிள்ளைகள், பெரியவனுக்கு 9 வயது. அடல்ட் நர்சிங் மூன்று வருட டிகிரி சேரலாமா என்று யோசனை. கடன் 60,000 பவுண்டைத் தொடும் என்கிறார்கள். வீட்டுக்காரர் ஊரில் நகையை அடகு வைத்து ஃபீஸையாவது கையிலிருந்து கட்டிவிடலாம் என்கிறார். சம்பளம் தாங்குமா?

பதில் (குராய்டன்): நகை லாக்கரிலேயே இருக்கட்டும் அக்கா. இங்கத்து ஸ்டூடன்ட் லோனை பேங்க் கடன் மாதிரி நினைத்தால் தூக்கம் வராது. சம்பளத்தில் பிடிக்கிற இன்னொரு வரி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

2025-26க்கு ஃபீஸ் வருடம் 9,535 பவுண்டு. லண்டனுக்கு வெளியே, பெற்றோருடன் இல்லாமல் இருப்பவர்களுக்கு மெயின்டனன்ஸ் லோன், அதாவது வாழ்க்கைச் செலவுக்கான கடன், அதிகபட்சம் 10,544. வீட்டு வருமானம் 25,000க்குள் இருந்தால்தான் அது முழுசாக வரும். அத்தான் சம்பளத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்பதால் உங்களுக்குக் குறையலாம். ஆக, 60,000 என்பது உச்சக் கணக்கு.

இப்போது சேருகிறவர்களுக்கு பிளான் 5 என்ற கடன் திட்டம். வருடச் சம்பளத்தில் 25,000க்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அதில் 9 சதவீதம் பிடிப்பார்கள். 40 வருடம் கழித்து மிச்சம் இருந்தால் தள்ளுபடி. வட்டி ஆர்.பி.ஐ. பணவீக்க அளவுதான்.

என்.எச்.எஸ்.ஸில் (அரசு மருத்துவ சேவை) புது நர்ஸுக்கு பேண்ட் 5 என்ற சம்பளப் படி, 2025-26 கணக்கில் ஆரம்பம் வருடம் 31,049. வரம்புக்கு மேல் 6,049. அதில் 9 சதவீதம் 544. மாதம் 45 பவுண்டு. அதே பே ஸ்லிப்பில் பென்ஷனுக்கு 8.3 சதவீதம், மாதம் 215 பவுண்டு போகும். வரி, நேஷனல் இன்சூரன்ஸ் எல்லாம் கழிந்து கையில் சுமார் 1,940. பென்ஷனை நிறுத்தினால் கையில் கூட வருமே என்று தோன்றும், நிறுத்தாதீர்கள். இந்த வேலையின் நிஜ லாபமே அதில்தான் இருக்கிறது. இரவு, சனிக்கிழமை ஷிப்டுக்கு 30 சதவீதமும், ஞாயிறு, பேங்க் ஹாலிடேக்கு 60 சதவீதமும் மேலே வரும். இரண்டு வருடத்தில் 33,487, நான்கு வருடத்தில் 37,796. அப்போது லோன் பிடித்தம் மாதம் 96 ஆகும்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 60,000க்கு 3 சதவீத வட்டி என்றாலே வருடம் 1,800. நீங்கள் கட்டுவது 544. ஸ்டேட்மென்டில் கடன் ஏறிக்கொண்டே போகும், பார்த்துப் பயப்பட வேண்டாம். பிள்ளைகளுக்காக சில வருடம் பார்ட் டைம் போனால் கணிசமான தொகை தள்ளுபடியிலேயே போய்விடும். முழுநேரமாக பேண்ட் 6, 7 என்று ஏறினால் ஏறக்குறைய முழுசும் கட்டவேண்டி வரும்; அப்போதும் பணவீக்கத்துக்கு மேல் வட்டி கிடையாது. நகைக்கடன் வட்டி அதைவிடக் கூட. சும்மா கிடக்கிற சேமிப்பு இருந்தால் வேறு பேச்சு.

இன்னொன்று, எந்த யூனியில் படித்தாலும் ஆரம்பம் அதே பேண்ட் 5 சம்பளம்தான். பெயருக்காகத் தூரத்து யூனிக்குப் போய் வாடகைக்குக் கடன் வாங்குவது வீண்.

பதில் (லூட்டன்): மேலே விட்டுப்போனது: திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம். என்.எச்.எஸ். லேர்னிங் சப்போர்ட் ஃபண்டில் வருடம் 5,000. 15 வயதுக்குக் கீழ் பிள்ளை இருப்பதால் இன்னும் 2,000. மென்டல் ஹெல்த், லேர்னிங் டிசபிலிட்டி பிரிவு எடுத்தால் மேலும் 1,000. இதனால் லோன் குறையாது. ஆனால் தானாக வராது. ஒவ்வொரு வருடமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் வருடம் வாங்கிவிட்டு இரண்டாம் வருடம் மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பிளேஸ்மென்ட், அதாவது வார்டில் பயிற்சி, 2,300 மணி நேரம், சம்பளம் இல்லாமல். வாரம் 37.5 மணி என்றால் 61 வாரம். பலர் பட்ஜெட்டில் விடுகிற ஓட்டை இதுதான்: காலை ஏழரைக்கு ஹேண்டோவர் (ஷிப்ட் மாறும் நேரம்) என்றால் பல இடங்களில் அதற்குள் போய்ச்சேர பஸ் கிடையாது, கார் வேண்டும், விடியுமுன் சைல்டு மைண்டர் கிடைக்க மாட்டார். பயணச் செலவு கேட்கலாம், ஆனால் வழக்கமாக யூனிக்குப் போகிற செலவைவிடக் கூடுதலானது மட்டும்தான் கிடைக்கும். டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள், யூனி ஒப்புதல் இல்லாமல் க்ளெய்ம் நகராது.

பதில் (குராய்டன்): அக்கா, கெமிஸ்ட்ரி டிகிரி இருக்கிறது என்று சொன்னதை இப்போதுதான் கவனித்தேன். அப்படியென்றால் மூன்று வருடம் எதற்கு? வேறு டிகிரி முடித்தவர்கள் நர்ஸாகப் பதிவு பெறுவதற்கான இரண்டு வருட எம்.எஸ்சி. ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் கோர்ஸ் பாருங்கள். ஒரு டிகிரி இருந்தால் இரண்டாவதுக்கு லோன் இல்லை என்பது பொது விதி, நர்சிங்குக்கு விலக்கு உண்டு, எம்.எஸ்சி.க்கும் அதே லோன், அதே 5,000. ஒரு வருடக் கடன் மிச்சம், ஒரு வருடச் சம்பளம் முன்னதாக வரும். கேர் ஹோமிலோ வார்டிலோ வேலை செய்த மணிக்கணக்கு கேட்பார்கள், இப்போதே சேர்த்து வையுங்கள். ஜி.சி.எஸ்.இ. (இங்கத்துப் பள்ளிப் பரீட்சை) மேத்ஸ், இங்கிலீஷுக்கு ஈடாக ஊர் சான்றிதழை ஏற்பார்களா என்று யூனியிடம் ஈமெயிலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): நான் ஸ்கில்டு வொர்க்கர் டிபென்டன்ட் விசா. எனக்கும் இதே கணக்கா?

பதில் (லூட்டன்): இல்லை தங்கச்சி. ஸ்டூடன்ட் ஃபைனான்ஸுக்குப் பொதுவாக ஐ.எல்.ஆரோ குடியுரிமையோ இருக்க வேண்டும், கோர்ஸ் தொடங்குவதற்கு முன் மூன்று வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும். இப்போது சேர்ந்தால் இன்டர்நேஷனல் ஃபீஸ். உள்ளூர் ஃபீஸைவிட வெகு அதிகமாக வரும், அதுவும் கையிலிருந்து. பேண்ட் 5 சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகாது. அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு அந்த மூன்று வருடக் காத்திருப்பு இல்லை, இலங்கையிலிருந்து வந்த பலருக்கு இது தெரிவதில்லை.

ஹாஸ்பிட்டல்கள் தருகிற நர்ஸ் டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப்பையும் பாருங்கள். ஃபீஸ் இல்லை, சம்பளத்தோடு படிப்பு, பெரும்பாலும் நான்கு வருடம். இடம் குறைவு, போட்டி அதிகம். விசா தகுதியை அந்த ஹாஸ்பிட்டலிடமே கேட்டுவிடுங்கள்.

ஊரில் பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம்.மோ முடித்தவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். 7 (ரைட்டிங் 6.5 போதும்) அல்லது ஓ.இ.டி., பிறகு சி.பி.டி. என்ற கம்ப்யூட்டர் பரீட்சை, ஓஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை. நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி.யின் கட்டணங்களும் சி.பி.டி., ஓஸ்கி இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 1,200 பவுண்டில் அதே பேண்ட் 5க்கு வந்துவிடலாம்.

பதில் (குராய்டன்): பார்ட் டைம் நர்ஸ்களுக்கு ஒன்று. லோனை மாதக் கணக்கில்தான் பிடிக்கிறார்கள், வரம்பு மாதம் 2,083. பேங்க் ஷிப்ட் (ஹாஸ்பிட்டல் தருகிற கூடுதல் ஷிப்ட்) பார்த்த மாதம் அதைத் தாண்டினால் பிடித்தம் விழும். ஏப்ரலில் வரி வருடம் முடிந்து பி60 (வருடச் சம்பளமும் பிடித்தமும் காட்டும் தாள்) வந்ததும் மொத்தத்தைப் பாருங்கள். வருடம் முழுக்க 25,000க்குள் இருந்தால் பிடித்ததை ஸ்டூடன்ட் லோன்ஸ் கம்பெனியிடம் கேட்டுத் திரும்ப வாங்கலாம்.