மகனுக்கு 18 ஆனா 25% கழிவு போச்சாம்! ஆர் சொன்னது?

செல்வி_அக்கா:
எங்கட வட்ஸ்அப் குரூப்பில ஒருத்தர், இஞ்சையும் இருக்கிறார், பேர் சொல்லேல்லை, தனிய மகனோட இருக்கிற ஒரு தாய்க்கு அட்வைஸ் குடுத்திருக்கிறார். "மகனுக்கு 18 முடிஞ்சா வீட்டில ரெண்டு பெரியாக்கள், கவுன்சில் டாக்ஸில (இங்கிலாந்தில நகரசபைக்கு வீட்டுக்குக் கட்டுற வரி) தனியாளுக்குக் குடுக்கிற 25% கழிவை உடன நிப்பாட்டச் சொல்லோணும், இல்லாட்டி ஃபைன்" எண்டு. அவளும் பயந்துபோய் தானே ஃபோன் அடிச்சு நிப்பாட்டிப்போட்டு இப்ப முழுக்காசு கட்டிக்கொண்டிருக்கிறாள். மகன் யூனியில ரெண்டாம் வருசம், ஃபுல் டைம். ஃபுல் டைம் ஸ்டூடண்டை இந்தக் கணக்கில சேர்க்கிறதே இல்லை! தாய் ஒராள்தான் கணக்கு, 25% அப்பிடியே கிடைக்கும். யூனியில ஸ்டூடண்ட் சேர்டிபிக்கேட் எடுத்துக் குடுத்தால் முடிஞ்சுது. தெரியாட்டி வாயை மூடிக்கொண்டு இருக்கலாமே.

நேரா_பேசுவன்:
பேர் சொல்லேல்லையாம், நான்தான் சொன்னனான், இப்பவும் சொல்லுவன். 18 எண்டா 18. வோட் போடுறான், பாங்கில கடன் எடுக்கிறான், கவுன்சில் டாக்ஸுக்கு மட்டும் பால்குடியோ? நான் இந்த நாட்டில ஆளுக்கு ஆள் போல் டாக்ஸ் எண்டு வரி கட்டின காலத்திலயிருந்து இருக்கிறன், அப்ப படிக்கிற பெடியளும் கட்டினவங்கள். நேற்று வந்தவை எனக்குச் சட்டம் படிப்பிக்கத் தேவையில்லை.

கணக்கப்பிள்ளை:
அண்ணை, போல் டாக்ஸில ஸ்டூடண்ட்ஸ் 20% கட்டினது உண்மை. அது 93இல போயிட்டுது. அதுக்குப் பதிலா வந்ததுதான் கவுன்சில் டாக்ஸ். இது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. ரெண்டு பெரியாக்கள் இருக்கினம் எண்டு நினைச்சுத்தான் முழு பில் போடுறாங்கள், கணக்குக்கு வாற ஆள் ஒண்டு எண்டா காற்பங்கு குறையும். ஆரை எடுக்கிறேல்லை எண்டு ஒரு லிஸ்ட் இருக்கு, 18க்குக் கீழ, ஃபுல் டைம் ஸ்டூடண்ட், ஸ்டூடண்ட் நர்ஸ், கடுமையான மனநலப் பாதிப்பு உள்ளவை, சில அப்ரெண்டிஸ் எண்டு இன்னும் போகுது. வீட்டில எல்லாருமே ஸ்டூடண்ட்ஸ் எண்டால் பில்லே இல்லை.

நேரா_பேசுவன்:
லிஸ்ட் போட்டால் நான் பயந்திடுவனோ. அந்தப் பெடியன் சனி ஞாயிறு பெற்றோல் ஸ்டேசனில வேலை செய்யிறான், நான் என்ர கண்ணால கண்டனான், காசு கவுண்டரில நிண்டு எனக்கு மிச்சக்காசு தந்தவன். வேலை செய்யிறான், சம்பளம் எடுக்கிறான், 18 முடிஞ்சுது. அவன் பெரியாளோ இல்லையோ? ஓம் அல்லது இல்லை, ஒரு சொல்லில பதில் சொல்லுங்கோ.

செல்வி_அக்கா:
சனி ஞாயிறு வேலை செய்தால் படிப்பு பார்ட் டைம் ஆகிடுமோ? கோர்ஸ் குறைஞ்சது ஒரு வருசம், வருசத்தில 24 கிழமை, கிழமைக்கு 21 மணித்தியாலம் எண்டு இருந்தால் ஃபுல் டைம். அவன் கவுண்டரில நிக்கிறானோ மரத்தில நிக்கிறானோ, அதை ஆரும் கேக்கிறேல்லை.

நேரா_பேசுவன்:
பதில் வரேல்லை. ஓம் அல்லது இல்லை.

மதுரை_டு_லண்டன்:
அண்ணா, அக்கா, நடுவுல ஒரு டவுட். நான் ஸ்கில்ட் ஒர்க்கர் விசால இருக்கேன், ஒன் பெட் ஃப்ளாட், தனியாத்தான் இருக்கேன். விசால பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது அரசாங்க உதவிப்பணம், தொடக்கூடாதுன்னு போட்ருக்கு, இந்த 25% வாங்குனா ஐஎல்ஆர்ல (நிரந்தரமா தங்குற அனுமதி) பிரச்சினை வரும்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னதால நான் அப்ளை பண்ணவே இல்ல, ஃபுல்லா கட்டிட்டு இருக்கேன். நெஜமாவா?

கணக்கப்பிள்ளை:
இல்லை தம்பி. வருமானம் குறைஞ்சவைக்கு பில்லைக் குறைக்கிற கவுன்சில் டாக்ஸ் ரிடக்சன் எண்டு வேற ஒண்டு இருக்கு, அதுதான் பப்ளிக் ஃபண்ட்ஸ் லிஸ்டில வரும். தனியாள் கழிவு அந்த லிஸ்டில இல்லை. பயப்பிடாமல் போடுங்கோ, பழைய நாளுக்கும் சேர்த்துக் கேட்டுப்பாருங்கோ.

நேரா_பேசுவன்:
தம்பி கவனம், இவையின்ர கதையைக் கேட்டு விசாவைக் கெடுத்துக்கொள்ளாதையும். ரெண்டுக்கும் பில் குறையுதுதானே, பிறகென்ன வித்தியாசம்? விசா குடுக்கிற ஹோம் ஆபீசில செல்வி அக்கா வந்து சாட்சி சொல்லுவாவோ?

மதுரை_டு_லண்டன்:
இப்ப யார் சொல்றதக் கேக்குறதுன்னே தெரியல ப்ரோ 😅

சும்மா_பாக்கிறவன்:
நேரா அண்ணைக்குக் கழிவு எண்ட சொல்லே பிடிக்காது போல. ஆனா இருந்த கவுன்சில் ஃப்ளாட்டை ரைட் டு பையில (வாடகைக்கு இருக்கிறவை கவுன்சில் வீட்டைக் குறைஞ்ச விலையில வாங்கிற திட்டம்) வாங்கேக்க மார்க்கட் விலையிலதான் வாங்கினவரோ? அதில கிடைச்ச டிஸ்கவுண்ட் எவ்வளவு எண்டு ஒருக்கால் இஞ்ச போடட்டும்.

நேரா_பேசுவன்:
அடேய், அது நான் இரவுபகலா ரெண்டு வேலை செய்து வாடகை கட்டி எடுத்த உரிமை. தாட்சர் அம்மா 80இல சட்டமாக் கொண்டுவந்தது, பிச்சை இல்லை. உழைச்சவனுக்குக் குடுத்தது. இப்ப வாறவை பிரான்ஸிலயும் ஹொலண்டிலயும் பாஸ்போட் எடுத்துப்போட்டு இஞ்ச வந்திறங்கி, சூட்கேஸ் பிரிக்கமுந்தி கவுன்சில் வீடு கேக்கினம். கிடைச்சும் போடுது. அதைப்பற்றி ஒருத்தரும் வாய் திறக்காயினம்.

பரிஸ்_பெட்டை:
இதோ தொடங்கீட்டார். ஐயா, நாங்கள் வந்து முதல் நாளே வேலைக்குப் போன ஆக்கள். கவுன்சில் வீட்டு ரெஜிஸ்டரில பேர் பதிஞ்சு ஒவ்வொரு கிழமையும் காலியான வீடுகளுக்கு பிட் பண்ணிப்பண்ணி (கேட்டுப் பதிஞ்சு), வரிசையில நம்பர் நூற்றுக்கு மேல எண்டு பார்த்துப்பார்த்து, ரெண்டு பிள்ளைகளோட ஒரு ரூமில கிடந்தம். கடைசியில பிரைவேட் வாடகை வீட்டில தான் இருக்கிறம். ஆர் உங்களுக்குச் சொன்னது வந்தவுடன திறப்பு குடுக்கிறாங்கள் எண்டு? பெரும்பாலான கவுன்சிலில இத்தனை வருசம் இந்த ஏரியாவில இருந்திருக்கோணும் எண்டு கேப்பாங்கள், அதுகூடத் தெரியாமல்.

நேரா_பேசுவன்:
உங்களைச் சொல்லேல்லை தங்கச்சி. பொதுவாச் சொன்னனான். தொப்பி அளவெண்டால் போடுங்கோ.

பரிஸ்_பெட்டை:
பொதுவாச் சொல்லுறதெல்லாம் எங்களுக்குத்தான் வந்து விழுது. உங்கட ஆக்கள் 83க்குப் பிறகு வரேக்க இந்த நாட்டுக்காரரும் இதையேதான் சொன்னவங்கள்.

சும்மா_பாக்கிறவன்:
👏👏

கணக்கப்பிள்ளை:
திருப்பி விசயத்துக்கு வருவம். குழப்பம் ஏன் வருதெண்டா ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு வயசு. ஹவுசிங் பெனிஃபிட்டில (வாடகைக்குக் குடுக்கிற உதவி) எத்தனை ரூம் எண்டு பாக்கேக்க 16 வந்தாலே தனி ரூம் கணக்கு. யூனிவர்சல் கிரெடிட்டில (வருமானம் குறைஞ்சவைக்குக் குடுக்கிற உதவி) வளர்ந்த பிள்ளை வீட்டில இருக்கிறதுக்கு வாடகைக் காசில கழிக்கிறது 21க்குப் பிறகு. கவுன்சில் டாக்ஸுக்கு 18, அதிலயும் படிச்சால் விலக்கு. இதையெல்லாம் ஒண்டாப் போட்டுக் குழைச்சுத்தான் வட்ஸ்அப்பில சுத்த விடுறீங்கள்.

நேரா_பேசுவன்:
பாத்தீங்களோ, "கவுன்சில் டாக்ஸுக்கு 18" எண்டு இவரே எழுதிப்போட்டார். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு. நான் இதைத்தானே முதல் வரியில சொன்னனான்?

கணக்கப்பிள்ளை:
அதுக்கு அடுத்த மூண்டு சொல்லையும் வாசியுங்கோ அண்ணை!!

நேரா_பேசுவன்:
வாசிச்சனான். சரி, இப்ப நான் கேக்கிறதுக்குச் சொல்லுங்கோ. அவன்ர டிகிரி ஜூனில முடியும். மாஸ்டர்ஸ் செப்டெம்பரில. நடுவில என்ன? அந்த ரெண்டு மூண்டு மாசமும் ஸ்டூடண்டோ?

செல்வி_அக்கா:
ஒரு கோர்ஸ் முடிஞ்சு மற்றது தொடங்கும் வரைக்கும் ஸ்டூடண்ட் இல்லை, அந்த இடைவெளிக்கு மட்டும் கழிவு வராது. ஆனா அது கோர்ஸ் முடிஞ்ச பிறகு. இவன் இப்ப ரெண்டாம் வருசம். ரெண்டாம் வருசத்துக்கும் மூண்டாம் வருசத்துக்கும் நடுவில வாற சமர் லீவு கோர்ஸுக்குள்ளதான், அதில ஒரு பிரச்சினையும் இல்லை.

நேரா_பேசுவன்:
அப்ப கழிவு போகும்! போகும் எண்டு நீங்களே சொல்லீட்டீங்கள்! பிறகு ஏன் என்னை நாலுபேருக்கு முன்னால நாறடிச்சனீங்கள்? மாற்றம் வந்தால் 21 நாளுக்குள்ள அறிவிக்கோணும், இல்லாட்டி 70 பவுண் ஃபைன், நான் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றினனான். கவுன்சில்காரர் எலெக்டோரல் ரோலையும் (வாக்காளர் பட்டியல்) கழிவு லிஸ்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கிறவங்கள், உங்களுக்குத் தெரியுமோ அது? 18 வயசில வோட்டுக்குப் பதிஞ்ச உடன கடிதம் வந்து விழும்.

கணக்கப்பிள்ளை:
வரும், வந்தால் சேர்டிபிக்கேட்டைக் காட்டுறது. கடிதம் வந்தவுடன குற்றவாளியோ?

நேரா_பேசுவன்:
கடிதம் வராமல் பாக்கிறதுதான் மானமுள்ளவன்ர வேலை. நான் இத்தனை வருசத்தில கவுன்சிலிட்ட ஒரு கடிதம் வாங்கினதில்லை.

சும்மா_பாக்கிறவன்:
போன மாசம் வாசலில கிடந்த சோஃபாவுக்கு வந்ததே, அது கலியாண வீட்டுக் கார்டோ?

நேரா_பேசுவன்:
டேய் உனக்கு எப்பிடித் தெரியும் அது? உன்னை எனக்கு இப்ப விளங்குது நீ ஆர் எண்டு. அந்த சோஃபா என்ரை இல்லை, மேல் வீட்டுக்காரன்ர. பெரிய சாமான் எடுக்கச் சொல்லி புக் பண்ணினால் காசு கேக்கிறாங்கள், ஆர் கட்டுறது?

பரிஸ்_பெட்டை:
உரிமையோட வாங்கின வீட்டுக்காரர் கட்டட்டும் 😂

மதுரை_டு_லண்டன்:
அக்கா, ஃபார்ம் ஆன்லைன்லயே இருக்கா, இல்ல போய் நிக்கணுமா?

செல்வி_அக்கா:
உங்கட கவுன்சில் வெப்சைட்டிலயே இருக்கு தம்பி, பில்லில இருக்கிற அக்கவுண்ட் நம்பரை வைச்சுப் போடலாம். நேரா அண்ணைக்கு: அந்தப் பிள்ளை நாளைக்கு சேர்டிபிக்கேட் அனுப்புறாள். இவ்வளவு நாளும் கட்டின கூடுதல் காசு திரும்பி வந்தால் பில்லை ஃபோட்டோ எடுத்து அதே குரூப்பில போடுறன்.

நேரா_பேசுவன்:
போடுங்கோ, போடுங்கோ. அவன் கோர்ஸ் முடிஞ்ச அடுத்த ஜூலை பில்லையும் சேர்த்துப் போடுங்கோ. 18 எண்டா 18. நான் இதில ஒரு எழுத்தும் மாத்த மாட்டன். அட்மின், அந்த சும்மா பாக்கிறவனை குரூப்பில இருந்து தூக்குறீங்களோ இல்லையோ?