சோம்புக்கும் அன்னாசிப்பூவுக்கும் ஒரே மணம் வந்தது எப்படி?

கானாடுகாத்தான் ஆச்சி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் மசாலாச் சாமான்கள் வாங்கி, வறுத்து அரைத்துக் கொடுப்பது என் தொழில். சோம்பையும் அன்னாசிப்பூவையும் தனித்தனியே வறுத்தாலும் எழும் மணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. இரண்டிலும் மிகுதியாக இருப்பது அனெத்தோல் என்ற ஒரே வேதிப்பொருள் என்று படித்தேன். ஆனால் சோம்பு, கொத்தமல்லியும் சீரகமும் அடங்கிய குடும்பத்துச் செடி. அன்னாசிப்பூவோ தென்சீனத்திலும் வியட்நாமிலும் விளையும் ஒரு மரத்தின் காய். அம்மரத்தின் கிளை, பூக்கும் தாவரங்களின் வரலாற்றில் மிகத் தொடக்கத்திலேயே பிரிந்துபோனது என்கிறார்கள். பொதுவான மூதாதை விட்டுச்சென்ற சொத்து என்றால், இடைப்பட்ட ஆயிரக்கணக்கான செடிகளில் இந்த மணம் ஏன் இல்லை? தற்செயல் என்றால், அதை உண்டாக்கும் இவ்வளவு நுட்பமான நொதி (வேதிமாற்றத்தைச் செய்யும் புரதம்) இரண்டு முறை தற்செயலாகத் தோன்றுமா?

தேவகோட்டைத் தாவரவியல்

ஆச்சிக்கு வணக்கம். மூதாதையின் சொத்து, பின்னாளில் தனித்தனியே நேர்ந்த மாற்றம் ஆகிய இரண்டுமே இதில் உண்டு. மூதாதையிடமிருந்து வந்தது அனெத்தோல் அன்று. அதைச் செய்வதற்கான மூலப்பொருளும், சிறிது மாறினால் அந்த வேலையைச் செய்யக்கூடிய நொதிக் குடும்பங்களும்தாம்.

நிலத்தில் நிமிர்ந்து நிற்கும் தாவரங்கள் பெரும்பாலும் லிக்னின் என்ற பொருளால்தான் தண்டை இறுக்கிக்கொள்கின்றன. பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, கூமரைல் ஆல்கஹால், கோனிஃபெரைல் ஆல்கஹால் முதலியவற்றைச் செய்து, அவற்றைப் பிணைத்து லிக்னின் ஆக்குகின்றன. நம் ஊர் வளவுகளில் நிற்கும் பர்மா தேக்குத் தூண்களின் உறுதிக்குக் காரணமான கோனிஃபெரைல் ஆல்கஹாலே கிராம்பின் மணப்பொருளான யூஜினாலுக்கும் மூலப்பொருள். கூமரைல் ஆல்கஹாலிலிருந்து சோம்பின் அனெத்தோல் கிளைக்கிறது. அந்த ஆல்கஹாலுடன் முதலில் அசெட்டைல் என்ற சிறு அணுத்தொகுதி சேர்கிறது. அடுத்து வரும் ஒரு நொதி அதை நீக்கி, பக்கச் சங்கிலியை ஒடுக்குகிறது (அதாவது ஹைட்ரஜன் சேர்க்கிறது). இறுதியில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தால் அனெத்தோல் கிடைத்துவிடும். சோம்புக்கு நெருங்கிய உறவான அனீஸ் செடியில் இந்தக் கடைசி இரு நொதிகளும் 2009-இல் அடையாளம் காணப்பட்டன. இவற்றில் ஒடுக்கும் நொதி, லிக்னன் (லிக்னின் அன்று, வேறொரு தாவரப் பொருள்வகை) போன்றவற்றைக் கையாளும் பழைய ஒடுக்கி நொதிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஒரு மரபணு தவறுதலாக இரண்டு பிரதிகளாகிவிட்டால், ஒன்று பழைய கடமையைத் தொடர்கிறது. மற்றதில் நேரும் மாற்றங்கள் செடியைக் கொல்வதில்லை. மூலப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு நகலில் கிறுக்கிப் பார்ப்பதைப் போன்றது இது. 1970-இல் மரபியலாளர் சுசுமு ஓனோ இக்கருத்தை விரிவாக முன்வைத்தார். கிறுக்கலில் பெரும்பாலானவை வீணாகும். எப்போதோ ஒன்று பூச்சியை விரட்டும் அல்லது தேனீயை அழைக்கும் பொருளைத் தந்து நிலைத்துவிடுகிறது.

பள்ளத்தூர் வேதியியல்

மேலே உள்ள விளக்கத்தில் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. பிரதி உண்டான பிறகுதான் புதிய திறமை பிறக்கிறது என்று படிப்பவர் நினைத்துவிடக்கூடும். பல நேரங்களில் திறமை முன்பே இருக்கிறது. மணம், காரம் போன்றவற்றுக்கான தனிவேதிப்பொருள்களைச் செய்யும் நொதிகள் பல ஒரே வேலையில் கட்டுண்டவை அல்ல. வட அமெரிக்காவின் ஃபிர் என்ற ஊசியிலை மரம் ஒன்றில், டெர்ப்பீன் என்ற பொருள்வகையைச் செய்யும் நொதி, ஒரே மூலக்கூற்றை எடுத்துக்கொண்டு 52 வகை விளைபொருள்களைத் தருகிறது. அவற்றுள் சிறு அளவில் உண்டாகும் ஒன்று செடிக்குப் பயன்பட்டால், அதை மிகுதியாக்கும் மாற்றங்களையே இயற்கைத் தேர்வு பிடித்துக்கொள்கிறது. பிரதியாதல் அதற்குப் பின்பும் நிகழலாம்.

மாற்றத்தின் அளவும் நாம் அஞ்சுவதைவிடக் குறைவு. புகையிலையும் குரோசாணி ஓமத்தின் உறவினம் ஒன்றும் ஒரே மூலப்பொருளிலிருந்து வெவ்வேறு டெர்ப்பீன்களைச் செய்கின்றன. அவ்விரு நொதிகளிலும் 500-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றில் 9 இடங்களை மட்டும் மாற்றியபோது ஒன்றின் வேலையை மற்றொன்று பெருமளவு செய்யத் தொடங்கியது. அந்த 9 இடங்களுக்கும் இரண்டிரண்டு வாய்ப்பு என்றால் 512 சேர்க்கைகள். 2008-இல் வெளியான ஆய்வில் அவற்றில் பெரும்பகுதியைச் செய்து பார்த்தபோது, இடைநிலை நொதிகள் பலவும் செயலற்றுப் போகாமல் கலவையான விளைபொருள்களைத் தந்தன. ஆதலால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போக நொதி பள்ளத்தில் குதிக்க வேண்டியதில்லை.

கிளைப்பேச்சாக ஒன்று: நம் மசாலாவில் சேரும் கல்பாசி இந்தக் கணக்கில் வராது. அது தாவரம் அன்று. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன்.

கானாடுகாத்தான் ஆச்சி

இருவருக்கும் நன்றி. அப்படியானால் ஒரே மணம், ஒரே காரம் என்றால் ஒரே நொதி என்று கொள்ளலாமா? மிளகும் மிளகாயும் அப்படித்தானா?

தேவகோட்டைத் தாவரவியல்

கொள்ளக் கூடாது, ஆச்சி. காப்பியும் தேயிலையும் ஒரே காஃபீனைத்தான் செய்கின்றன. மெத்தில் தொகுதிகளைச் சேர்க்கும் அவற்றின் நொதிகள் ஒரே பெருங்குடும்பத்தின் வெவ்வேறு கிளைகளிலிருந்து தனித்தனியே வந்தவை. 2014-இல் காப்பியின் மரபணுத் தொகுதி வெளியானபோது இது தெளிவாயிற்று. வலித்தைலத்தில் மணக்கும் மெத்தில் சாலிசிலேட்டைச் செடிகளில் உண்டாக்கும் நொதியும் அதே பெருங்குடும்பம்தான்.

மிளகின் கதை இதற்கு மறுபக்கம். மிளகின் காரப்பொருளான பைப்பரினும் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும் வெவ்வேறு பொருள்கள்; ஆனால் நம் நாக்கில் வெப்பத்தை உணரும் ஒரே ஏற்பியைத்தான் இரண்டும் தூண்டுகின்றன. இரண்டுமே ஓர் அமிலப் பகுதியையும் ஓர் அமீனையும் இணைத்து உண்டாகும் அமைடுகள். பைப்பரினில் அந்த இணைப்பைச் செய்யும் நொதியை ஜெர்மனியின் ஹாலே நகர ஆய்வாளர்கள் 2021-இல் அறிவித்தார்கள். அது பிஏஎச்டி (BAHD) என்ற அசைல் மாற்று நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தது; அமிலப் பகுதியை வேறொரு பொருளுடன் சேர்ப்பதே இக்குடும்பத்தின் வேலை. மிளகாயில் காரத்தைத் தீர்மானிக்கும் பன்1 மரபணு தரும் நொதியும் அதே குடும்பம். போர்ச்சுக்கீசியர் மிளகாயைக் கொண்டுவரும்வரை இந்த இரு செடிகளும் ஒரே மண்ணில் சந்தித்ததில்லை.

பள்ளத்தூர் வேதியியல்

இழப்பையும் சொல்லிவிடுகிறேன். குடைமிளகாயில் பன்1 மரபணுவின் ஒரு பெரும்பகுதி அழிந்திருப்பதால் காரம் உண்டாவதில்லை. சமையலுக்கு விரும்பி மனிதர்கள் அதைக் காத்து வளர்த்துவிட்டார்கள். பொலிவியாவின் காட்டு மிளகாய் இனம் ஒன்றில் காரமுள்ள செடியும் காரமற்ற செடியும் அருகருகே வளர்கின்றன. விதையைக் கெடுக்கும் ஃபியூசேரியம் பூஞ்சை மிகுந்த இடங்களில் காரமுள்ளவையே மிகுதி. விதையைப் பரப்பும் பறவைகளுக்கோ கேப்சைசின் உறைப்பதே இல்லை.