தணிக்கைத் தடத்தில் ‘சிஸ்டம்’ என்று மட்டும் வருகிறது: அவசர உதவி தேவை

மண்டபம்_ஏற்றுமதி: வணக்கம். மீன் ஏற்றுமதி செய்கிறோம். கையால் எழுதிய எடைச் சீட்டைப் படம் பிடித்தால் செயற்கை நுண்ணறிவே படித்துப் பதிவேற்றும் மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். ஒரு லாட்டின் (சரக்குத் தொகுதியின்) பிடிப்புத் தேதி 6.6 என்றிருந்து பின்னர் 16.6 ஆகியிருக்கிறது, யார் எதை மாற்றினார் என்று பதியும் தணிக்கைத் தடத்தில் மாற்றியவர் ‘சிஸ்டம்’ என்றே காட்டுகிறது. ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், வேண்டுமென்றே தேதியைத் தள்ளியதாகத் தணிக்கையாளர் சந்தேகிக்கிறார். நாளைக்குள் பதில் தர வேண்டும்.

பாம்பன்_தென்றல்: விசைப்படகா, நாட்டுப்படகா? சரக்கு எந்த நாட்டுக்கு? சீட்டின் மூலப்படம் இருக்கிறதா? இவை தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல இயலாது.

தொண்டி_நிரலர்: படம் எடுத்த டேப்லெட்டின் கடிகாரம் பிசகியிருக்கும் என்பதே என் கணிப்பு. சிக்னல் இல்லாத இறங்குதளங்களில் இது வாடிக்கை. படம் எடுத்த நேரமும் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரமும் தனித்தனியே பதிவாக வேண்டும்.

பழைய_நங்கூரம்: கடிகாரம் பிசகினால் சீட்டில் கையால் எழுதிய தேதி மாறாது, தம்பி. நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவு கட்டாயம், அதை அணைக்கவும் முடியக் கூடாது என்று 1.4.2023 முதலே விதி உள்ளது. அதைக்கூடப் படிக்காமல் மென்பொருள் வாங்குகிறவர்களுக்கு எத்தனை முறை சொல்வது?

கீழக்கரை_வாசகி: அந்த விதி கணக்கேடுகளுக்கானது, ஐயா, எடைச் சீட்டுக்கு நேரடியாகப் பொருந்தாது. வடிவமைப்புக்கு நல்ல முன்மாதிரி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் மின்னணுப் பதிவு விதி, 21 சிஎஃப்ஆர் பகுதி 11: நேர முத்திரை வேண்டும், திருத்தம் பழைய பதிவை மறைக்கக் கூடாது. உங்களிடம் பழைய மதிப்பு நிற்கிறது. ஆனால் சீட்டைப் படிக்கும் ஏஐ மாதிரி (மாடல்) தானே மறுபடி படித்ததா, ஊழியர் ஒருவர் திருத்தினாரா என்பதை ‘சிஸ்டம்’ என்ற பெயர் மறைத்துவிடுகிறது. படத்தின் ஹேஷ் (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற குறியீடு), மாதிரியின் பதிப்பு எண், அது தந்த மூல விடை, ஒப்புதல் அளித்தவரின் பயனர் பெயர் ஆகியவை ஒரே பதிவில் இருந்திருக்க வேண்டும். இப்போது மறுபடி ஓட்டி 16 என்று காட்டுவதும், ஏன் மாற்றினாய் என்று அதனிடமே கேட்பதும் சான்றாகா. இடையில் மாதிரியே மாறியிருக்கலாம், விளக்கமோ அது பின்னால் புனைவது.

தொண்டி_நிரலர்: பிளாக்செயினில், அதாவது பலர் கணினிகளில் பிரதியாக நிற்கும், எளிதில் திருத்த முடியாத பதிவேட்டில் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

பழைய_நங்கூரம்: தவறாகப் படித்த தேதியைப் பிளாக்செயின் தவறாகவே காத்து வைக்கும். ஒவ்வொரு பதிவும் முந்தையதன் ஹேஷைத் தாங்கி நிற்க, கடைசி ஹேஷ் தினமும் வெளியாள் ஒருவருக்கு மின்னஞ்சலில் போனாலே போதும்.

கீழக்கரை_வாசகி: இதில் உடன்படுகிறேன். ஆனால் அந்த வெளியாள் மென்பொருளை விற்றவராக இருக்கக் கூடாது. சர்வரின் சாவி பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கும்.

தொண்டி_நிரலர்: அப்படியானால் பல தரப்பும் சேர்ந்து காக்கும் பிளாக்செயினைத்தானே நீங்களும் கேட்கிறீர்கள்?

பழைய_நங்கூரம்: இல்லை.

மண்டபம்_ஏற்றுமதி: மூலப்படம் கிடைத்தது. 16.6தான், ‘1’ இருந்த இடத்தில் ஈரம் பட்டு மசி கலைந்திருக்கிறது. விசைப்படகு. மாற்றியது யார் என்று விற்பனையாளரிடம் கேட்டிருக்கிறோம். நன்றி.

பாம்பன்_தென்றல்: அன்று இயங்கிய மாதிரியின் பதிப்பு எண்ணையும் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். சரக்கு எந்த நாட்டுக்கு என்பதை இன்னும் சொல்லவில்லை. ஐரோப்பா என்றால் சரக்குடன் கேட்கப்படும் பிடிப்புச் சான்றிதழில் எந்தத் தேதி போயிருக்கிறது?