கம்மம் 2009: தடுப்பூசியைத் தாமதப்படுத்தியது யார்?

சோதனைக்குழாய்:
கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி ஊசியை 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போட 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 36 கோடி அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் அமெரிக்காவில் 2006லேயே அனுமதி பெற்ற ஊசி இது. 2009ல் ஆந்திராவின் கம்மத்திலும் (இப்போது தெலங்கானா) குஜராத்தின் வதோதராவிலும் பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சேர்ந்து சுமார் 24,000 சிறுமிகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். ஏழு சிறுமிகள் இறந்துபோனார்கள். காரணம் பாம்புக்கடி, பூச்சிமருந்து, குவாரித் தண்ணீரில் மூழ்கியது, மலேரியா இப்படி. ஊசிதான் கொன்றது என்று சிலர் கிளப்பிவிட்டு 2010 ஏப்ரலில் அரசை உத்தரவு போட வைத்து எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். இந்த நோயால் நம் நாட்டில் வருடத்துக்கு 70,000க்கு மேல் பெண்கள் சாகிறார்கள். அறம் பேசியவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டாமா?

ஓலைப்பாய்:
ஊசியால் யாரும் சாகவில்லை என்பதில் எனக்குச் சண்டை இல்லை. விசாரணைக் குழுவும் அதைத்தான் சொன்னது. ஆனால் அதோடு கதை முடியவில்லையே சகோ. ஆந்திராவில் சரிபார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763ல் கையெழுத்துப் போட்டது விடுதி வார்டன். 1,948ல் கைநாட்டு. 2013 ஆகஸ்டில் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் இருக்கிறது, நான் சொல்லவில்லை. பழங்குடிப் பிள்ளைகள் விடுதியில், அப்பா அம்மா காட்டுக்குள் ஏதோ ஒரு குக்கிராமத்தில். ஒரே கட்டடத்தில் நூறு பிள்ளைகள் வரிசையில் கிடைப்பார்கள் என்பதற்காகத்தானே விடுதியைத் தேடிப் போனார்கள்?

சோதனைக்குழாய்:
போலியோ சொட்டு மருந்துக்கு யாராவது கையெழுத்து வாங்குகிறார்களா? இதுவும் இந்தியாவில் விற்பனைக்கு அனுமதி வாங்கிய ஊசிதான். புது மருந்துச் சோதனைக்கு உள்ள விதியை இதற்குக் கொண்டுவந்தால் ஒரு வேலையும் நடக்காது.

ஓலைப்பாய்:
சொட்டு மருந்து அரசுத் திட்டத்தில் இருப்பது. இதைத் திட்டத்தில் சேர்க்கலாமா என்று பார்க்கத்தான் கம்மத்துக்கே போனார்கள். அப்படிப் பார்ப்பதற்குப் பெயர் ஆராய்ச்சி. அவர்களோ 'செயல்விளக்கத் திட்டம்' என்று பெயர் வைத்தார்கள். ஊசி போட்ட பிறகு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் கவனிப்பது, யாருக்குத் தகவல் போகும் என்பதற்கு உருப்படியான ஏற்பாடே இல்லை. அதனால்தான் பாம்புக்கடிச் சாவைக்கூட உடனே விளக்க ஆள் இல்லாமல் போனது. நீங்கள் திட்டும் வதந்திக்கு இடம் கொடுத்தது அந்த ஓட்டைதான். ஊசியை இலவசமாகக் கொடுத்த இரண்டு கம்பெனிகளுக்கும் அரசு ஆர்டர் கிடைத்தால் எவ்வளவு லாபம் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

தேனிச்செவிலி:
இடையில் வருகிறேன். அதே 2010 உத்தரவு இன்னொரு ஆய்வையும் சேர்த்து நிறுத்தியதை யாரும் சொல்லவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை நடத்தியது, இந்தியாவில் பல ஊர்களில். நம் பக்கம் திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் அதில் ஒன்று. இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். பாதியில் தடை வந்ததால் ஏறக்குறைய 5,000 பிள்ளைகளுக்கு ஒரே டோஸோடு நின்றுவிட்டது. அவர்களைப் பத்து வருடம் விடாமல் தொடர்ந்து பார்த்ததில், இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் முக்கியமான இரண்டு ஹெச்பிவி வைரஸ் வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிராக ஒரே டோஸும் 95 சதவீதப் பாதுகாப்பு தந்தது தெரிந்தது. ஒரு டோஸே போதும் என்று 2022ல் உலக சுகாதார அமைப்பு சொன்னதற்கு இந்த முடிவும் ஒரு காரணம்.

சோதனைக்குழாய்:
அக்கா, நான் சொன்னதும் அதுதானே! ஒழுங்காக நடந்த ஆய்வையும் சேர்த்து முடக்கினார்கள். உலகத்துக்கே பாதிச் செலவில் வழி காட்டிய ஆய்வு அது.

ஓலைப்பாய்:
தடை போட்டது தப்பு, போட வைத்தது கம்மம். பத்து வருடம் கழித்தும் அந்தக் குடும்பங்கள் கதவைத் திறந்து ரத்தம் கொடுத்தார்கள் என்றால், முதல் நாளே யாரோ உட்கார்ந்து ஒழுங்காகப் பேசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 2018ல் சிக்கிமில் முன்கூட்டியே பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் பேசிவிட்டுப் போட்டார்கள். சுமார் 97 சதவீதம் பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். வேலை நடக்காது என்றீர்களே?

சோதனைக்குழாய்:
சிக்கிம் சின்ன மாநிலம். அங்கே முடிந்தது இங்கே ஆகுமா? அம்மா அப்பா இரண்டு பேரும் இடுக்கியில் ஏலத்தோட்ட வேலை, பிள்ளை விடுதியில். கையெழுத்து வரவில்லை என்று அந்தப் பிள்ளையை மட்டும் விட்டுவிடுவீர்களா? இந்த நோய் அதிகம் பிடிப்பது அந்த வீட்டுப் பெண்களைத்தான்.

தேனிச்செவிலி:
அப்படிப்பட்ட வீடுகள் எங்கள் பக்கம் நிறையவே உண்டு. பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் கட்டாயம் ஊருக்கு வருவார்கள். அதை வைத்து ஊசித் தேதியைத் தள்ளிப்போடலாம், ஒரு மாதத்தில் ஒன்றும் குடிமுழுகாது. வர முடியாதவர்களிடம் போனில் பேசலாம். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காது, ராத்திரி எட்டு மணிக்குத்தான் எடுப்பார்கள், சரி, எட்டு மணிக்குக் கூப்பிட வேண்டியதுதான். எனக்குப் பயம் படிவத்தைப் பற்றித்தான். 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்று ஒரே கோடு போட்டு அச்சடித்தால், மதியத்துக்குள் வார்டன் மொத்தக் கட்டையும் முடித்துக் கொடுத்துவிடுவார்.

ஓலைப்பாய்:
அந்த 'அல்லது' மட்டும் போனால் எனக்குப் போதும்.

சோதனைக்குழாய்:
அப்பா அம்மாவே இல்லாத பிள்ளைக்கு?