யோங்டிங் மண் வீடுகள்: போய் வந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈப்போக்காரன்:

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் மலைக்கும் வயலுக்கும் நடுவே இருக்கிற, ஹக்கா என்கிற சீன இனத்தாரின் ஊர் யோங்டிங். என் பள்ளி நண்பனின் பூட்டன் அங்கிருந்துதான் மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்குக்கு வெள்ளீயம் தோண்ட வந்தாராம். அவன் பூர்வீகம் தேடிக் கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன்.

துலோ என்கிற வட்ட வடிவ மண் வீடுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஃபூஜியனில் 46 வீடுகளை 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அவற்றில் பெரிய பெயர் காவ்பெய் கிராமத்துச் செங்ச்சி லோவுக்கு. ஜியாங் குலத்தார் 1709இல் கட்டி முடித்த வீடு. ஒன்றுக்குள் ஒன்றாக நாலு வட்டம், வெளிவட்டம் மட்டும் நாலு மாடி. 1986இல் சீன அஞ்சல்தலையிலேயே வந்துவிட்டது. அதையும் பார்த்தோம், படம் எடுத்தோம், சரி. ஆனால் நாங்கள் தங்கியது எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு சின்ன துலோவில். அந்த வீட்டைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

பாகம் பிரிக்கிற முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டை மேலிருந்து கீழாக நெடுக்கில் பிரிக்கிறார்கள். தரையில் ஒரு அடுப்படி, அதற்கு நேர் மேலே நெல் வைக்கிற அறை, அதற்கும் மேலே படுக்கை அறைகள். இது மொத்தமும் ஒரு குடும்பத்தின் பங்கு. எல்லாப் பங்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பணக்காரத் தம்பிக்கு மாடி, ஏழை அண்ணனுக்குத் தரை என்ற பேச்சே கிடையாது. காசு சேர்ந்தவன் இன்னொரு பங்கை வாங்கலாம், ஆனால் தன் பங்கை மட்டும் ஊர் பார்க்க உயர்த்திக் கட்ட முடியாது. நடுவில் குலத்துக்குப் பொதுவான முன்னோர் கூடம். கல்யாணமும் சாவும் அங்கேதான்.

வசதி என்று பார்த்தால் சுமார்தான். மாடியெல்லாம் மரத்தளம், ராத்திரி ஒருவர் எழுந்து நடந்தால் வீடு முழுக்கக் கேட்கும். கழிப்பறை வெளியே. அந்தக் காலத்தில் மாடி நடையில் வைத்திருந்த மர வாளிகள் இன்னும் ஓரமாகக் கிடக்கின்றன.

சாப்பாட்டில் குறையே இல்லை. எங்களுக்குச் சமைத்த பாட்டி சேம்பங்கிழங்கை வேகவைத்து, மசித்து, சர்க்கரைவள்ளி மாவு சேர்த்துப் பிசைந்தார். விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, கிண்ணம் மாதிரி குழித்து, உள்ளே மூங்கில் குருத்தும் காளானும் பன்றி இறைச்சியும் வைத்து மூடினார். வெந்து வந்ததும் வழுவழுவென்று குச்சியில் நிற்கவே மாட்டேன் என்றது. பாட்டி சிரித்துக்கொண்டே ஒரு கரண்டியை என் பக்கம் தள்ளிவிட்டார். கடுகுக்கீரையை வேகவைத்து, காயவைத்து, மறுபடி வேகவைத்துக் கறுக்க விடுகிற வற்றல் ஒன்று உண்டு. கொழுப்பு இறைச்சியோடு அதைச் சேர்த்து வைத்தால் சோறு தன்னால் இறங்கும்.

அப்புறம்தான் குலப் பதிவேடு வந்தது. கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் பழையதெல்லாம் கொளுத்தப்பட்டபோது, இதை நெல் பெட்டிக்குள் புதைத்துக் காப்பாற்றினோம் என்றார் ஒரு பெரியவர். ஒவ்வொரு தலைமுறையும் பெயரில் எந்த எழுத்தை வைக்க வேண்டும் என்று முன்னோர் ஒரு பாட்டாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நண்பனின் பெயரைக் கேட்டார்கள், எழுத்தைப் பார்த்தார்கள், பதிவேட்டைப் புரட்டினார்கள். பூட்டனின் பெயருக்குக் கீழே தென்கடல் நாடுகளுக்குப் போனார் என்று ஒரு வரி இருந்தது, அதோடு நின்றுவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால், எழுபது தாண்டிய அந்தப் பெரியவருக்கு என் நண்பன் சித்தப்பா முறை! பெரியவர் கொஞ்சமும் யோசிக்காமல் அவனைச் சித்தப்பா என்றே கூப்பிட்டு மேல் இருக்கையில் உட்கார வைத்தார். நண்பனுக்கு வியர்த்துவிட்டது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை, எங்கள் வீட்டிலும் என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் மாமா முறையில் இருக்கிறான்.

அந்தப் பதிவேட்டின் பழைய பக்கங்களில் பெண்களுக்குப் பெயர் இல்லை, இன்ன குடும்பத்துப் பெண் என்பதோடு சரி. ஆண்கள் கடல் தாண்டிப் போன பிறகு வயலையும் வீட்டையும் பார்த்துக்கொண்டது அவர்கள்தான். ஹக்காப் பெண்களுக்குப் பாதத்தை இறுக்கிக் கட்டிச் சிறிதாக்குகிற அந்தக் காலச் சீன வழக்கம் இல்லாததே வயலில் இறங்க வேண்டியிருந்ததால்தான் என்பார்கள்.

சியாமென்வாசி:

அண்ணே, அருமை. நான் வேலைக்காக அதே ஃபூஜியனில் சியாமென் நகரத்தில் இருக்கிறேன், லீவு கிடைத்தால் அந்தப் பக்கம்தான். கட்டட வேலைக்காரன் என்பதால் என் கண் சுவரிலேயே நின்றுவிடும். மண்ணோடு மணலும் சுண்ணாம்பும் கலந்து, பலகை அச்சுக்குள் கொட்டி, உலக்கையால் இடித்து இடித்து ஏற்றுகிறார்கள். நடுவே மூங்கில் பட்டைகள், நாம் கம்பி வைக்கிற இடத்தில். சில வீடுகளில் ஒட்டரிசிக் கஞ்சியும் வெல்லமும் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சுண்ணச் சாந்தில் கடுக்காயும் கருப்பட்டியும் போட்டதை நினைத்துக்கொண்டேன். அடிச்சுவர் ஒரு மீட்டருக்கு மேல் தடிமன். கீழ் இரண்டு தளத்தில் வெளிப்பக்கம் ஜன்னல் இல்லை. யாராவது கதவுக்குத் தீ வைத்தால் மேலிருந்து தண்ணீர் ஊற்ற வழி வைத்த வீடுகளும் உண்டு.

ஆனால் வழிகாட்டிகள் எதற்கெடுத்தாலும் கொள்ளைக்காரன், கோட்டை என்று சொல்வதை நான் முழுசாக ஏற்க மாட்டேன். ஹோங்கெங் கிராமத்து ச்சென்செங் லோவைப் பாருங்கள். 1912இல் கட்டத் தொடங்கியது. லின் குடும்பம் புகையிலை சீவுகிற கத்தி செய்து விற்றுப் பணம் பார்த்தது. யோங்டிங் புகையிலைக்கு அப்போது அவ்வளவு கிராக்கி. உள்ளே போனால் கூடத்தில் மேல்நாட்டுக் கல்தூண்கள்! பயந்தவன் கட்டிய வீடா அது? ஊர் பார்க்கட்டும் என்று கட்டியது. அமெரிக்கச் செயற்கைக்கோள் இந்த வட்டங்களை ஏவுகணைத் தளம் என்று நினைத்துப் பயந்ததாக ஒரு கதையும் விடுவார்கள். கேட்டுச் சிரித்துவிட்டு நகர வேண்டியதுதான்.

1478இல் மிங் ஆட்சியில் தனிக் கவுண்டியாக, அதாவது மாவட்டம் மாதிரி, பிரிந்த யோங்டிங், 2014 இறுதியில் லோங்யென் நகரத்தோடு சேர்ந்துவிட்டது. இளசுகள் சியாமெனிலும் லோங்யென்னிலும் சம்பாதிக்கிறார்கள். புகழ் பெற்ற வீடுகளில் மேலே ஏறாதீர்கள் என்று பலகை இருக்கும். அதன் கீழேயே ஒரு பாட்டி பத்து யுவான் கொடுத்தால் ஏறலாம் என்று கண் ஜாடை காட்டுவார். எனக்கு அதில் கோபமே வரவில்லை, மாடி அவர் பங்குதானே.

பர்மாக்காரர் பேத்தி:

எங்கள் தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தவர், அறுபதுகளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சென்னைக்கு வந்தவர். டைகர் பாம் தைலம் ரங்கூன் சரக்கு என்று சாகும்வரை பெருமையடித்தார். அந்த முதலாளி குடும்பமும் யோங்டிங்தான் என்று படித்தேன். உண்மையா? யாராவது அந்தக் கிராமத்தைப் பார்த்தீர்களா?

ஈப்போக்காரன்:

உண்மைதான்மா. கிராமத்தின் பெயர் ச்சோங்ச்சுவான். அங்கிருந்து ரங்கூன் போய் மருந்துக்கடை போட்டவர் ஆவ் ச்சூ கின். 1882இல் ரங்கூனில் பிறந்த தன் மகன் ஆவ் பூன் ஹாவைச் சீனம் படிக்க இந்தக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டு, சின்னவர் பூன் பாரை ஆங்கிலம் படிக்க ரங்கூனிலேயே வைத்துக்கொண்டார். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே படிப்பு கொடுத்திருந்தால் அந்த டப்பா உலகம் சுற்றியிருக்குமா என்பது சந்தேகம்தான். 1920களில் வியாபாரம் சிங்கப்பூருக்கு மாறியது. 1937இல் அண்ணன் தம்பிக்காக அங்கே கட்டிய மாளிகைதான் ஹாவ் பார் வில்லா. கிராமத்தில் பூன் ஹாவுக்கு நினைவகம் இருக்கிறது. பக்கத்தில் குலக்கோயில் வாசலில் கல் கொடிக்கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன, அரசுத் தேர்வில் தேறியவர்களுக்காக நட்டவை.

சியாமென்வாசி:

போக நினைக்கிறவர்களுக்கு: சியாமெனிலிருந்து லோங்யென் வரை ரயில், பிறகு பஸ். வீடு நிறைய ஆள் பார்க்க ஆசைப்பட்டால் சீனப் புத்தாண்டுக்குப் போங்கள், வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருப்பார்கள். ஆனால் அப்போது படுக்க இடம் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.