கடைசி வண்டியில் வந்தவர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் அண்ணனைப் பாலாற்றங்கரைச் சுடுகாட்டில் தகனம் செய்துவிட்டுத் திரும்பினோம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எங்களோடு புல்லட் ஓட்டிய அவர், வீட்டில் உறக்கத்திலேயே மாரடைப்பால் போய்விட்டார். பூப்பல்லக்குக்குப் பின்னால் முப்பது வண்டிகள் முகப்பு விளக்கை எரியவிட்டபடி மெல்ல ஊர்ந்தன. வண்டியை முறுக்கிச் சத்தம் எழுப்புவது அவருக்கு அறவே பிடிக்காது என்பதால், ஒருவரும் ஆரன்கூட அடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது: அவர் முன்னே செல்ல நான் பின்னே செல்வது அதுவே முதல் முறை.

எந்தப் பயணத்திலும் அவர் கடைசி வண்டியாகத்தான் வருவார். ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவரின் விளக்கைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும், அது தெரியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அப்படி ஒருவர் குறைத்தால் அடுத்தடுத்து எல்லோரும் குறைவார்கள், யாரும் தனியே விடுபட மாட்டார்கள் என்பது அவர் வகுத்த முறை. முதலில் யார் போய்ச் சேருவது என்று துடிக்கும் வயதில் எங்களுக்கு அது புரியவில்லை. ஏலகிரியில் புரிந்தது. புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை விடாமல் மிதித்தே இறங்கிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் இறங்கியதும் தீய்ந்த வாடை வந்தது, மிதித்தால் பிரேக் பிடிக்கவில்லை. எப்படியோ ஓரம் கட்டி நின்றேன். பின்னாலேயே வந்து நிறுத்திய அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சூடேறிய பிரேக் டிரம் ஆறும்வரை என்னோடு உட்கார்ந்திருந்துவிட்டு, "எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு தம்பி, இன்ஜினே பிடித்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னார். இன்றுவரை நான் அப்படித்தான் இறங்குகிறேன்.

அவரோடு பழகிய மற்றவர்களையும் நினைவில் இருப்பதை எழுதித் தரச் சொன்னேன். இரண்டு பேர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

குடியாத்தம் நண்பர் எழுதியது:

ஆலங்காயத்திலிருந்து சவ்வாது மலை ஏறும் வழியில், காவலூருக்குச் சற்று முன்பு, இரவு ஏழு மணிக்கு என் பின் சக்கரம் பஞ்சராயிற்று. காவலூர் வானாய்வகம் அமைந்த பகுதி என்பதால் அங்கே இருட்டு உண்மையான இருட்டு. அண்ணன் சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, ஒட்டுப் போட்டார். நான் உடனே மாட்டிவிடலாம் என்றேன். அவரோ ஒரு பழந்துணியைச் சுருட்டி டயரின் உட்புறத்தில் அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் துணி சிக்கியது. நகக்கண் அளவே இருந்த கருவேல முள்ளின் நுனியைக் குறடால் இழுத்தெடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இதை விட்டுவிட்டால் பத்து கிலோமீட்டரில் மறுபடியும் இதே வேலைதான்" என்றார். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது, தரைப்பாலத்தில் முழங்காலளவு தண்ணீர்தானே என்று இறங்கப்போன எங்கள் ஐவரையும் தடுத்துத் திருப்பி, முப்பது கிலோமீட்டர் சுற்றி அழைத்துச் சென்றவரும் அவரே. அன்று அவர்மீது கோபப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

காட்பாடித் தங்கை எழுதியது:

அண்ணனுடையது பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். உடல் வலுவில்லாத பெண்ணால் அதை உதைத்துக் கிளப்ப முடியாது என்று பலரும் சொன்னபோது, வலுவுக்கு இங்கே வேலையே இல்லை என்று காட்டியவர் அவர். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால், மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரின் முள் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. "முள்ளைப் பாரம்மா, காலைப் பார்க்காதே" என்பார்.

பால் தெளித்த அன்று மாலை நான் அண்ணியைப் பார்க்கப் போனேன். வாசலில் நின்ற வண்டியை ஒருமுறை கிளப்பிக் காட்டச் சொன்னார்கள். அங்கிருந்த பையன்கள் மாறி மாறி உதைத்தும் அது அசையவில்லை, ஒருவனுக்குக் காலில் அடிகூடப் பட்டது. பிறகு நான் ஏறினேன். கண்ணீரில் முள் சரியாகத் தெரியாததால் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். முள் நடுவுக்கு வந்தது. ஒரே மிதியில் கிளம்பிவிட்டது. அண்ணி பெட்ரோல் டேங்க் மேல் கையை வைத்தபடி அதிர்வைக் கேட்டுக்கொண்டே நின்றார்கள். சற்று நேரம் கழித்து நான் சாவியைத் தொட்டபோது, "உடனே அணைத்துவிடாதேம்மா, இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும், அவர் அப்படித்தான் செய்வார்" என்றார்கள்.