ஸ்ப்ளாட் வரைபடத்தில் கோணேசர் மலையையே காணோம், வெறும் வட்டம்தான் வருகிறது: உதவி தேவை

கடலோடி (திருக்கடலூர்)
வணக்கம். திருகோணமலையில் எங்கள் மீனவர் சங்கத்தின் வீஎச்எஃப் ரேடியோ செட், 16ஆம் சனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். கரையில் 15 மீட்டர் கம்பத்தில் ஏரியல். படகுகளில் ஏரியல் 3 மீட்டர் உயரத்தில் நிற்கும். எந்த இடம் வரை நம்பிப் பேசலாம் என்று வரைபடம் போட்டுப் படகுக்காரரிடம் கொடுக்க ஆசை.

ரேடியோ அலை எட்டும் தூரத்தைக் கணக்கிடும் ஸ்ப்ளாட் மென்பொருளில் பார்வைக்கோட்டு வரைபடம் (ஏரியலிலிருந்து மறைப்பில்லாமல் நேரே தெரியும் இடங்கள்) எடுத்தேன். ஏறக்குறைய 11 கிலோமீட்டரில் கவராயம் வைத்துக் கீறியது போல வட்டம். உண்மையில் வடகிழக்கே 20 கிலோமீட்டரிலும் பேச முடிகிறது. ஆனால் கோணேசர் மலையைச் சுற்றிக் கொட்டியாரக் குடாப் பக்கம் திரும்பினால் சத்தம் அறுந்துவிடும். வரைபடம் இரண்டையும் காட்டவில்லை. எஸ்ஆர்டிஎம் என்ற, விண்ணிலிருந்து அளந்த நில உயரத் தரவை இறக்கி ஸ்ப்ளாட்டுக்கு ஏற்ப மாற்றியும் வைத்திருக்கிறேன். இடக் கோப்பில் அகலாங்கு, நெட்டாங்கு, ஏரியல் உயரம் என எழுதியது 8.58, 81.23, 15.

மூதூர்க்காற்று
தம்பி, ஓடும்போது திரையில் "கடல்மட்டமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது" என்ற பொருளில் வரி வருகிறதா பாருங்கள்.

கடலோடி
ஓம் அண்ணா, ஒவ்வொரு பகுதிக்கும் வருகிறது.

மூதூர்க்காற்று
அதுதான் விஷயம். ஸ்ப்ளாட் நெட்டாங்கை மேற்கு நோக்கி எண்ணும். நீங்கள் கொடுத்த 81.23 அதற்கு மேற்கு 81.23, அதாவது பனாமா நாடு. அந்த இடத்துக்கு உங்களிடம் உயரக் கோப்பு இல்லாததால் எல்லாம் கடல் என்று வைத்துக்கொண்டு வட்டம் போட்டுவிட்டது. -81.23 என்று கொடுங்கள், அல்லது 278.77. மாற்றி வைத்த கோப்பின் பெயரிலும் 8:9:278:279 என்று இருக்க வேண்டும், அதையும் ஒருக்கால் பாருங்கள்.

பொறியியல் மாணவி (கிண்ணியா)
வட்டம் சிறுத்ததற்குக் காரணம் வேறு. இடக் கோப்பில் வெறும் 15 என்றால் அது அடி. 15 மீ என்று, மீட்டருக்குரிய ஆங்கில எழுத்தையும் சேர்த்து எழுத வேண்டும். படகு ஏரியலின் 3ஐயும் அடியாகத்தான் எடுத்திருக்கும், மெட்ரிக் சுவிட்சைப் போடுங்கள்.

இன்னொன்று, பார்வைக்கோட்டு வரைபடம் வளிமண்டலம் அலையை வளைப்பதைத் தானாகச் சேர்க்காது. கையால் போட்டுப் பாருங்கள்: இரண்டு உயரங்களின் வர்க்கமூலத்தையும் கூட்டி 3.57ஆல் பெருக்கினால் 20 கிலோமீட்டர். வளைவையும் சேர்த்து 4.12ஆல் பெருக்கினால் 23. இந்தக் கணக்கை முதலில் போட்டுக்கொண்டால் மென்பொருள் தவறான எண் தரும்போது உடனே தெரியும்.

அடுத்த வரைபடத்தை, நில வடிவத்தைப் பார்த்து அலை இழப்பைக் கணக்கிடும் லாங்லி-ரைஸ் முறையில் எடுங்கள். மலை விளிம்பில் அலை மடங்கி வருவதையும் அது கணக்கில் எடுக்கும். அதன் அளவுருக் கோப்பில் தரை மாறிலிகள் (மின்காப்பு மாறிலி, மின்கடத்துதிறன்) 15, 0.005 என்று சாதாரண நிலத்துக்கு இருக்கும். கடலுக்கு 80, 5 போடுங்கள். அதிர்வெண் 156.8, முனைவாக்கம் (அலை அதிரும் திசை) நிலைக்குத்து, கோப்பில் அதற்கு எண் 1.

கடலோடி
மிக்க நன்றி இருவருக்கும். இப்போது மலைக்குத் தென்கிழக்கே நிழல் ஆப்பு மாதிரி விழுகிறது, படகுக்காரர் சொல்லும் அதே இடம். ஆனால் கச்சான் (தென்மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று) அடிக்கும் சில நாட்களில் 23 கிலோமீட்டருக்கு அப்பாலும் தெளிவாகக் கேட்கிறதே? அதையும் வரைபடத்தில் சேர்க்கலாமா?

மூதூர்க்காற்று
வேண்டாம் தம்பி. காய்ந்த சூட்டுக் காற்று கடலின் மேல் படர்ந்தால் ஈரமும் வெப்பமும் அடுக்கடுக்காகப் பிரிந்து, அலை கீழேயே அடைபட்டுத் தூரம் போகும். காற்று மாறினால் அது போய்விடும். ஆபத்தில் கூப்பிடுகிற ஆளுக்கு அந்தத் தூரத்தைச் சொல்லக் கூடாது. அளவுருக் கோப்பில் நேர வீதத்தை (நேரத்தில் எத்தனை பங்கு சத்தம் கிடைக்க வேண்டும் என்பதை) 0.90க்குக் குறைக்காமல் வைத்துக் கணக்கிடுங்கள். பிறகு ஒரு படகில் ஜீபிஎஸ்ஸுடன் போய், சத்தம் கரகரக்கத் தொடங்கும் இடங்களைக் குறித்து, கணக்கிட்ட கோடு, குறித்த கோடு இரண்டில் எது கரைக்குக் கிட்ட வருகிறதோ அந்தக் கோட்டையே அச்சிடுங்கள்.

கடலோடி
சரி அண்ணா. நிழல் விழும் பகுதியைச் சிவப்பில் போட்டு, அங்கே நிற்கிறவர்கள் மலைக்கு வெளியே வந்து கூப்பிட வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிவிடுகிறேன்.